அறுபது மீட்டர் உயரத்தில் சர்க்கரையில்லா மிட்டாய்

காலை ஆறே முக்காலுக்கு ஏணியின் முதல் படியில் கால் வைத்தார் என்றால், ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கேபின் கதவைத் திறப்பார். அறுபது மீட்டர் உயரம். நடுவில் ஒன்பது தட்டுகள். மூன்றாவதிலும் ஆறாவதிலும் மட்டும் நின்று மூச்சு வாங்குவார். மற்றவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இருபத்தொரு வருடமாக டவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டடம் எங்கே எழும்புகிறதோ அங்கே போய் அதற்கும் மேலே உட்கார்ந்துகொள்வார். அது முடிந்து, கண்ணாடி பதித்து, ஆட்கள் பெட்டி படுக்கையோடு குடிவரும்போது அவர் வேறொரு அஸ்திவாரக் குழிக்கு மேலே உட்கார்ந்திருப்பார். தளத்தில் அவரை எல்லோரும் ஆகாசம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவன் மச்சினன், மனைவியின் தம்பி. கீழே நின்று வாக்கி-டாக்கியில் ‘வலது, மெதுவா, இறக்கு’ என்று சொல்லும் சிக்னல்காரன் அவன்தான்.

மேலிருந்து பார்த்தால் மனிதர்களுக்கு முகம் கிடையாது, தலைக்கவசம்தான். மஞ்சள் என்றால் வேலையாட்கள், வெள்ளை என்றால் இன்ஜினியர், பச்சை என்றால் மச்சினன். ஒரு டன் கம்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய், அந்தப் பச்சைப் புள்ளிக்கு நாலடி தள்ளி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல வைப்பார்.

“என் தம்பி பத்திரங்க” என்று மனைவி தினமும் சொல்லி அனுப்புவாள்.

“அவனுக்கு மேல நான் இருக்கேன், உனக்கென்ன கவலை?”

“அதனாலதான் சொல்றேன்.”

சிகரெட்டை விட்ட நாளிலிருந்து அவருக்கு வாயில் எதையாவது போட்டு உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே தண்ணீர் அதிகம் குடிக்க முடியாது. குடித்தால் இறங்க வேண்டும். இறங்கி, கழிப்பறைக்குப் போய், மறுபடி ஏறுவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். கீழே நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவசரத்துக்குக் கேபினில் ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டில் உண்டு. எல்லாக் கிரேனிலும் உண்டு. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் பாட்டிலுக்கு அடங்குகிற சமாச்சாரம் வேறு, அடங்காத சமாச்சாரம் வேறு. ஆகவே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு, காயும் வாய்க்கு எலுமிச்சை மிட்டாய். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு.

இந்த வருட மருத்துவப் பரிசோதனையில் அந்த மிட்டாய்க்கு வந்தது வினை. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம்.

“இன்னும் அந்தப் பக்கம் குதிக்கல. வேலியில கை வச்சிருக்கீங்க, அவ்வளவுதான்” என்றார் டாக்டர்.

டீயில் சர்க்கரை பாதியாயிற்று. மிட்டாய் அடியோடு நின்றது. நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். ஐந்தாம் நாள் மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அது கண்ணில் பட்டது: சர்க்கரையில்லா மிட்டாய், புதினா வாசனை.

“சர்க்கரையே இல்லீங்களா?”

“துளிகூடக் கிடையாது சார்” என்றார் கடைக்காரர்.

துளிகூட இல்லை. ஆகாசத்தின் மனம் அங்கேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. சர்க்கரை இல்லாத மிட்டாயில் அப்புறம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததை எத்தனை தின்றால் என்ன? பாரத்தின் எடையைக் கிலோ பிசகாமல் பார்த்துத் தூக்குகிற மனிதர், மிட்டாயை மட்டும் எண்ணுவதை நிறுத்திவிட்டார். பத்து இருபதாயிற்று, இருபது நாற்பதாயிற்று. பாக்கெட்டின் சரசரப்பு வாக்கி-டாக்கியில் ஏறி, “மாமா, லைன்ல எலி ஓடுது” என்று மச்சினன் புகார் செய்ததால், மேலே போனதும் மிட்டாய்களைத் தகர டப்பா ஒன்றில் கொட்டிக்கொள்வார். காலிப் பாக்கெட்டை மேலங்கியின் உள்பையில் திணித்துக்கொள்வார். கிரேனிலிருந்து ஒரு காகிதம்கூடக் கீழே விழக் கூடாது என்பது தொழில் தர்மம்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவருடைய வயிறு பேச ஆரம்பித்தது. முதலில் முணுமுணுப்பு. பிறகு உருட்டல். காங்கிரீட் கலவை வண்டி பின்பக்கம் வருகிற சத்தம் என்று அவரே ஒரு கணம் கீழே எட்டிப் பார்த்தார். கலவை வண்டி எதுவும் வரவில்லை.

“மாமா, கம்பிக்கட்டுக்கு ஸ்லிங் கயிறு மாட்டியாச்சு. தூக்குங்க” என்றான் மச்சினன்.

“காத்து மாப்ள.”

“என்ன காத்து?”

“மேல பெருங்காத்து. நிறுத்திட்டு இறங்குறேன்.”

மச்சினன் சுற்றிலும் பார்த்தான். மணல் மேட்டின் மேல் யாரோ விரித்துப் போட்டிருந்த செய்தித்தாள் பக்கம் புரளாமல் கிடந்தது. மேலே எப்படியோ என்னவோ என்று விட்டுவிட்டான்.

காற்று என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கிரேனை நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று பதிவேட்டில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சடித்த தாளில் நாலே கட்டங்கள்: காற்று, மழை, பழுது, பாரம் இல்லை. வெயில் கொளுத்துகிறபோது மழை என்று எழுத முடியாது. பழுது என்றால் மெக்கானிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்துவிடுவார். பாரம் இல்லை என்பதற்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிற கம்பியே சாட்சி. மிச்சம் இருப்பது காற்று. அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அன்றைக்கு ஒரு தடவை. மறுநாள் ஒரு தடவை. அதற்கடுத்த நாள் இரண்டு தடவை. வேலை செய்த எட்டு நாளில் பதினொரு முறை அந்தத் தளத்தில் பெருங்காற்று வீசியது.

வீட்டில் யார் மேல் பழி என்ற விசாரணை தொடங்கியது. அவருக்குக் கேன்டீன் முட்டையின் மேல் சந்தேகம். மனைவிக்குக் கேன்டீன் முழுவதன் மேலும் சந்தேகம். முட்டை நின்றது. பால் நின்றது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தாள். சாப்பாட்டு டப்பா நாளுக்கு நாள் இளைத்து, கடைசியில் இரண்டு துண்டு ரொட்டியாகச் சுருங்கியது. சாப்பாடு குறையக் குறைய மேலே பசித்தது. பசிக்கப் பசிக்க டப்பாவுக்குள் கை போயிற்று. வயிறு சரியில்லாத நேரத்தில் புதினா நல்லது என்று வேறு நினைத்துக்கொண்டார்.

“நம்ம வீட்டுல எல்லாரும் அதே தண்ணியத்தான் குடிக்கிறோம்” என்றாள் மனைவி. “உங்களுக்கு மட்டும் ஏன்?”

“உயரம் ஒத்துக்கலையோ என்னவோ.”

“இருபத்தொரு வருஷம் கழிச்சா?”

வியாழக்கிழமை இன்ஜினியரும் கூப்பிட்டு விசாரித்தார். அவருடைய அலுவலகம் ஒரு தகரக் கொட்டகை. மேஜை மேல் கணினி, வரைபடச் சுருள்கள். அடியில் ஈரம் காயாத ஒரு ஜோடி பூட்ஸ். ஆகாசத்தைவிட இருபது வயது இளைய பெண். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம்.

“உட்காருங்க. நேத்து பதினொண்ணேகாலுக்குக் காத்துன்னு நிறுத்தினீங்க. அந்த நேரத்துல நான் வெளிய நின்னுட்டு இருந்தேன்.”

ஆகாசம் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நிறுத்தும்போது சுழலுற பிரேக்கைத் தளர்த்தி விட்டுட்டுத்தானே இறங்குவீங்க? காத்து எந்தப் பக்கமோ கிரேனோட கை அந்தப் பக்கம் தானா திரும்பும். நேத்து அது திரும்பல. சுவத்துல மாட்டின படம் மாதிரி நின்னுச்சு.” கணினியை அவர் பக்கம் திருப்பினார். “இது உங்க கிரேன் உச்சியில இருக்கிற காத்துமானியோட பதிவு. மணிக்கு எட்டு கிலோமீட்டர். பத்து. ஆறு. நாம நிறுத்த வேண்டியது அம்பதுல.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ பலகை அறுக்கிற சத்தம். அது நிற்கும்வரை காத்திருந்து இன்ஜினியர் கேட்டார்.

“மேல பயமா இருக்கா?”

“எனக்கா?”

“அதுல ஒண்ணும் வெட்கம் இல்ல. இத்தனை வருஷம் இல்லாதது ஒருநாள் சொல்லாம கொள்ளாம வரும். நான் பார்த்திருக்கேன். ஆனா பயம் வந்த ஆளை மேல உட்கார வைக்க முடியாது. கீழ ஆளுங்க நிக்கிறாங்க. நாளைக்கும் சனிக்கிழமையும் மாற்று ஆள் ஏறட்டும். திங்கட்கிழமை டாக்டர்கிட்ட உடல் தகுதிச் சான்று வாங்கிட்டு வாங்க. இல்லன்னா கிடங்குல ஒரு நாற்காலி காலியா இருக்கு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வயிறு மேடம் என்று இரண்டே வார்த்தை. ஆனால் மகள் வயதுள்ள ஒரு பெண்ணிடம், இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவரிடம், பாட்டிலுக்கு அடங்காத சமாச்சாரத்தை எந்த வாயால் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். கிடங்கு என்றால் வாசலில் உட்கார்ந்து நட்டு, போல்ட்டு எண்ணிக் கொடுப்பது. தலைக்கு மேலே இரண்டடியில் தகரம். வீட்டுக்குப் போகிற பேருந்தில் அந்தத் தகரத்தையே நினைத்துக்கொண்டு வந்தார். கை தானாக டப்பாவைத் திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மேலங்கி துவைக்க வந்தது. கனமான துணி என்பதால் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் அதற்குக் குளியல். மனைவி உள்பையில் கையை விட்டாள். ஒரு காலிப் பாக்கெட். இன்னொன்று. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

அவளுக்கு லேபிள் அச்சடிக்கிற அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிற வேலை. மருந்துப் புட்டி, ஷாம்பு, பிஸ்கட் என்று உலகத்தில் ஒட்டப்படுகிற பொடி எழுத்தையெல்லாம் உருப்பெருக்கி வைத்து வாசித்து, புள்ளி விட்டுப்போயிருந்தால் வட்டம் போடுவாள். வீட்டுக்கு வந்தால் கல்யாணப் பத்திரிகையைக்கூடப் படிக்க மாட்டாள். ஆனால் ஈரக் கையில் பாக்கெட் ஒட்டிக்கொண்டபோது கண் பழக்கதோஷத்தில் பின்பக்கம் போய்விட்டது. படித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள்.

“என்னங்க, கொஞ்சம் வாங்க.”

வந்தார்.

“இது என்ன?”

“சர்க்கரையில்லாத மிட்டாய். டாக்டர் சர்க்கரை வேண்டாம்னாரே, அதான்.”

“ஒரு நாளைக்கு எத்தனை?”

“எண்ணல.”

“குத்துமதிப்பா?”

“ஒரு… நாப்பது இருக்கும்.”

அவள் அலுவலகக் குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். “இனிப்பூட்டிகள்: சார்பிட்டால், மால்டிட்டால். அடைப்புக்குறிக்குள்ள சர்க்கரை ஆல்கஹால்கள். ஒரு மிட்டாய் ரெண்டு கிராம். இப்ப கேளுங்க. நாளொன்றுக்கு இருபது கிராமுக்கு மேல் உட்கொண்டால் மலமிளக்கும் விளைவு ஏற்படலாம்.”

துவைக்கிற இடத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“நாப்பது ரெண்டு எண்பது” என்றாள். “பேதி மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு என் சமையலைக் குறை சொன்னீங்க.”

“உன் சமையலை எங்க சொன்னேன்? கேன்டீனைத்தான் சொன்னேன்.”

“பாலை நிறுத்துனது நானு. முட்டையை நிறுத்துனது நானு. பெத்த பிள்ளைக்குக்கூட இப்படித் தண்ணி காய்ச்சிக் கொடுத்ததில்ல. மனுஷன் என்னடான்னா மேல உட்கார்ந்து மென்னுக்கிட்டு இருந்திருக்கார்.”

“மெல்லல. சப்பினேன்.”

காலை டீக்கு வந்து உட்கார்ந்திருந்த மச்சினனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “அக்கா, அப்ப மாமா டூட்டில ஆல்கஹால் எடுத்திருக்காரா?” என்று கேட்டு, வாயிலிருந்த டீயைச் சட்டையில் துப்பிக்கொண்டான்.

அன்றைக்கு டப்பா காலியாக அலமாரிக்குப் போயிற்று. மாலைக்குள் வயிறு அமைதியாகிவிட்டது. இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தட்டு நிறையச் சாப்பிட்டார். வெல்லம், தேன் என்று இயற்கையாகக் கிடைப்பதைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று மச்சினன் யோசனை சொல்ல, அதையும் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள் என்று மனைவி ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். எல்லாம் சரி. மிட்டாய்க் கதையை ஆகாசம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

“நிறைய பேர் இப்படித்தான். அந்தச் சரக்கு முழுசா ஜீரணமாகாது. பாதி அப்படியே குடலுக்குப் போய், தண்ணியை இழுத்து வச்சுக்கும். ரெண்டு மூணு சாப்பிட்டா ஒண்ணும் தெரியாது. அளவு கூடினா வயிறு ஊதும், ஓட வைக்கும். சர்க்கரை இல்லன்னா ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் இல்லீங்க.”

“வெல்லம், தேன்…”

“அதெல்லாம் சர்க்கரையோட பங்காளிங்க. சட்டைதான் வேற. உள்ள போனா ரத்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“இனிப்பு இலைன்னு ஒண்ணு பச்சையா பொடி பண்ணி விக்கிறாங்களே?”

“அது சர்க்கரையை ஏத்தாது. ஆனா அந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்க, கூட எதையாவது கலந்து வச்சிருப்பாங்க. அதைவிட நாக்கை மாத்திக்கோங்க. ரெண்டு மாசம் கம்மியான இனிப்புல இருந்தா, பழைய டீ பாயசம் மாதிரி இருக்கும். அப்புறம், தண்ணி குடிங்க. வாய் காயறதுக்கு மருந்து மிட்டாய் இல்ல, தண்ணி.”

சான்றிதழில் ‘உயரத்தில் பணிபுரியத் தகுதி உண்டு’ என்று எழுதி முத்திரை குத்தினார். ஆகாசம் அதை நாலாக மடிக்காமல், சுருட்டாமல், இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு தளத்துக்கு வந்தார்.

இன்ஜினியர் படித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “ரொம்ப சந்தோஷம். அப்ப தப்பு உங்க மேல இல்ல, காத்துமானி மேல. நேத்தே யோசிச்சேன். இருபத்தொரு வருஷ அனுபவம் தப்பா சொல்லுமா, நாலு வருஷ மெஷின் தப்பா சொல்லுமா? மெக்கானிக்கை வரச் சொல்லிட்டேன், மதியம் கழட்டிடுவார். புதுசு வர ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் உங்க வார்த்தைதான் அளவு.”

“சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

மச்சினன் கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தான். “என்ன ஆச்சு மாமா?”

சொன்னார்.

“பிழைச்சீங்க. வாயைத் திறக்காதீங்க. மெஷின் என்ன கோவிச்சுக்கப் போகுதா?”

ஆகாசம் அண்ணாந்து பார்த்தார். கீழேயிருந்து தம் கிரேனை அவர் அவ்வளவாகப் பார்த்ததில்லை. அதன் உச்சியில் மூன்று சின்னக் கிண்ணங்கள், யாரும் கவனிக்காத ஒரு நேர்மையோடு, இருக்கிற கொஞ்சக் காற்றுக்கு ஏற்ற அளவில் சுற்றிக்கொண்டிருந்தன. பதினொரு தடவை அது உண்மையைச் சொல்லியிருக்கிறது. பதினொரு தடவை அவர் அதைப் பொய்யனாக்கியிருக்கிறார். நிஜமான காற்று வருகிற நாளில், கொக்கியில் ஒரு டன் ஊசலாடும்போது, தொழிலில் எவ்வளவு தேர்ந்தவனுக்கும் உடம்பு ஐம்பது கிலோமீட்டர் காற்றை முப்பது என்றுதான் சொல்லும். அந்தக் கிண்ணம் சொல்லாது. அதைக் கழற்றிவிட்டால், கொக்கிக்குக் கீழே நிற்கப்போவது யார்? பச்சைத் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கிற இவன்.

“மாப்ள, இங்கயே இரு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போனார்.

“மேடம், மெக்கானிக் வேண்டாம். மெஷின் சரியாத்தான் இருக்கு.”

இன்ஜினியர் நிமிர்ந்தார்.

“காத்து அடிக்கல. வயிறு சரியில்ல.” பிறகு, ஆரம்பித்தாயிற்றே என்று, புதினா மிட்டாய், நாற்பது, எண்பது கிராம், பொடி எழுத்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது காது மடல் சுட்டது. பார்வையை மேஜைக்கு அடியிலிருந்த பூட்ஸ் மேலேயே வைத்திருந்தார்.

இன்ஜினியரின் உதட்டோரம் ஏதோ ஒன்று வந்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று.

“வயிறுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே லீவு கொடுத்திருப்பேனே. காத்துன்னு ஏன் எழுதினீங்க?”

“வயித்துக்குக் கட்டம் இல்லீங்க மேடம்.”

இன்ஜினியர் பதிவேட்டை இழுத்துத் திறந்தார். காற்று, மழை, பழுது, பாரம் இல்லை. விரல் நாலின் மேலும் போய், ஓரத்தில் நின்றது. “அப்ப இத்தனை வருஷமா எல்லாரும் என்ன பண்றீங்க?”

“தண்ணி குடிக்க மாட்டோம்.”

அது இன்ஜினியருக்குப் புதிய செய்தி என்று முகத்தில் தெரிந்தது. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து ஆகாசத்தின் பக்கம் நீட்டினார்.

“பதினொண்ணையும் திருத்துங்க. காத்துன்னு இருக்கிறதை ஒரு கோடு போட்டு அடிச்சு, மேல நிஜத்தை எழுதி, இன்னிக்குத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

ஆகாசம் அந்த மேஜை முன்னாலேயே உட்கார்ந்து எழுதினார். காற்று அல்ல, வயிறு. காற்று அல்ல, வயிறு. ஐந்தாவதற்குள் கையெழுத்து தடுமாறாமல் வர ஆரம்பித்தது. எட்டாவதில் அவருக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

“பொய்ப் பதிவுக்கு ஏழு நாள் கீழ” என்றார் இன்ஜினியர், பதினொன்றையும் சரிபார்த்துவிட்டு. “சிக்னல் பாருங்க. எட்டாம் நாள் ஏறுங்க. அடுத்த தடவை மெஷினும் நீங்களும் வேற வேற சொன்னீங்கன்னா, நான் மெஷினைத்தான் நம்புவேன்.”

“நானும்தான் மேடம்” என்றார்.

வெளியே மச்சினன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். “போச்சா?”

“ஏழு நாள் கீழ.”

“அப்புறம்?”

“மேல.”

“அக்காகிட்ட யார் சொல்றது?”

“நீதான்.”

புதன்கிழமையே பதிவேட்டுத் தாள் புதிதாக வந்துவிட்டது. ஐந்தாவதாக ஒரு கட்டம்: ‘ஓட்டுநர் இறங்கினார்’. காரணம் எழுத வேண்டியதில்லை. தளத்தில் அதைப் பற்றி ஒரு நாள் முழுக்கக் கிண்டல் நடந்தது. ஆகாசத்தைக் கண்டவர்களெல்லாம் காற்று எப்படி என்று விசாரித்தார்கள். பொறுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை அவர் தளத்தின் மறுகோடியில் இருக்கிற இரண்டாவது கிரேனுக்குக் கீழே வாக்கி-டாக்கியோடு நின்றார். அதை ஓட்டுகிறவரைப் பாறை என்பார்கள். காலையில் ஏறினால் மாலைவரை இறங்காதவர். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. நேற்றைய கிண்டலில் பெரிய பங்கு அவருடையதுதான்.

பத்தே முக்காலுக்கு வாக்கி-டாக்கி கரகரத்தது.

“இறங்குறேன்.”

“என்ன ஆச்சுண்ணே?” என்றார் ஆகாசம்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். “அஞ்சாவது” என்றது குரல்.

தளம் முழுக்க அந்த அலைவரிசையில்தான் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஆகாசம் பதிவேட்டைத் திறந்து நேரத்தை எழுதினார். ஐந்தாவது கட்டத்தில் ஒரு டிக் போட்டார். பாறை ஏணியில் நிதானமாக இறங்கி, கழிப்பறைப் பக்கம் போய்விட்டு வந்து, தண்ணீர் டிரம்முக்கு எதிரே நின்றார். டம்ளரை எடுத்துக் குடித்தார். மறுபடி மொண்டு குடித்தார். மூன்றாவதையும் குடித்துவிட்டு, நாலாவது டம்ளரை ஆகாசத்திடம் நீட்டினார்.

“நீயும் குடி” என்றார்.